கஸ்தூரி ஆற்றிய கடல்

அய்யாவுவின் மீன் லோரி புதன்கிழமை மத்தியானம் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தால், மனிதர்களுக்கு முன்னால் பூனைகள் வந்துவிடும். விடிவதற்குள் மெர்சிங்கில் மீன் ஏற்றி, குளுவாங் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவர் மைக்கல் வீட்டு வாசலில் நிறுத்துவார். லோரியின் பின்பக்கம், காலியான ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு நீல டிரம்கள் நிற்கும். பூனைகள் ஏறி மோந்து பார்த்துவிட்டு ஏமாந்து இறங்கும். டிரம்முக்குள் மீன் கிடையாது. கடல்தண்ணீர்தான்.

“இன்னிக்கி தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு மைக்கலு. தீவுக்குப் போன போட்டுக்காரன் நடுக்கடல்ல மொண்டு குடுத்தான்” என்பார் அய்யாவு.

மைக்கல் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்ப்பார். அதில் அவருக்கு ஒரு நிறைவு.

மைக்கலுக்கு ஐம்பத்து மூன்று வயது. பதினெட்டு வருஷம் சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றிப்போகும் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டியவர். நான்கு வருஷத்துக்கு முன் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துபோயின. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டவுனில் இருக்கும் டயலிசிஸ் நிலையத்தில் நான்கு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. ஒரு நாளைக்குக் குடிக்க இரண்டு தம்ளர் தண்ணீர்தான். வெயில் நாளில் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் வருஷம் முழுக்க அவர் சுவரைப் பார்த்தே இருந்தார். டிவியைப் போட்டால் அணைக்கச் சொல்வார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் எலைன், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிக் கொடுத்தாள். வாங்கியவள் தங்கமீன் இரண்டு விட்டால் போதும் என்று நினைத்தாள். மைக்கலோ ஜொகூர் பாருவில் ஒரு மீன்கடையில், வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டை போட்டு, நீண்ட மூக்கோடு நின்ற வண்ணத்துப்பூச்சி மீனைப் பார்த்துவிட்டார். பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு மீன் பிடிக்கவில்லை.

“அங்கிள், இது வேணாம் லா. பத்து கொண்டாந்தா எட்டு செத்துரும். சாப்பிடாது, பட்டினி கெடந்தே போயிரும்” என்று கடைக்காரனே சொல்லியிருக்கிறான்.

அப்படியும் கொண்டுவந்தார். துணைக்கு நாலைந்து நீலக் குட்டி மீன்களையும் விட்டு, அதற்கு மூக்கன் என்று பெயர் வைத்தார். இருபத்திரண்டு நாள் அது எதையும் தொடவில்லை. இறால் நறுக்கிப் போட்டார், புழு வாங்கிப் போட்டார். கடைசியில் பாசாரில் விற்கிற கெராங் சிப்பியைக் கத்தியால் பிளந்து, நூலில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டார். இருபத்து மூன்றாம் நாள் மூக்கன் வந்து, சிப்பிக்குள் தன் நீள மூக்கை நுழைத்துக் கொத்தியது. மைக்கல் அன்றைக்குத்தான் மனைவியைப் பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார். அந்தக் குரலை டொரத்தி ஒரு வருஷமாகக் கேட்டிருக்கவில்லை.

அதனால் அவள் தொட்டியைப் பொறுத்துக்கொண்டாள். பிடித்துப்போனது என்று சொல்ல முடியாது. சீனப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் காலை ஐந்தரைக்கே போய் மீகூன் பிரட்டிவிட்டு வருகிறவள். வந்ததும் தரையில் உப்புத் திட்டைத் துடைக்க வேண்டும். “உப்பே கூடாதுன்னு டாக்டர் சொன்ன மனுசன், வீட்டுக்குள்ள கடலையே கொண்டாந்து வெச்சிட்டாரு” என்று சிற்றுண்டிச்சாலையில் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் நடந்திருந்தது. தொட்டித் தண்ணீரை அவ்வப்போது பாதி இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இறைத்த பழைய தண்ணீரை ஆரம்பத்தில் மைக்கல் குழாய் வைத்து வேலியோரம் விட்டுக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கஸ்தூரியின் கறிவேப்பிலை மரம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மரம். மூன்றே மாதத்தில் இலை கருகி, நுனி காய்ந்து, பட்டுப்போனது.

கஸ்தூரிக்கு அறுபது நெருங்குகிறது. கணவன் இல்லை, பிள்ளையும் இல்லை. தாமான் முனையில் காலையில் தோசையும் வடையும் போட்டு, தே தாரிக் டீ ஆற்றிக் கொடுப்பது பிழைப்பு. அந்த மரத்து இலைதான் சட்னிக்குத் தாளிப்பு. காரணம் தெரிந்த அன்று வேலியில் நின்று கத்தினாள்.

“மரத்துக்குக் கடல்தண்ணிய ஊத்துற ஆள எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? பச்ச மரத்தக் கொன்னுட்டீங்களே!”

மைக்கல் புதுக் கன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். “ஒங்க கன்ன நீங்களே வெச்சிக்குங்க” என்று உள்ளே போனவள்தான். அதற்கப்புறம் இரண்டு வருஷம் வேலிக்கு இந்தப் பக்கம் திரும்பவில்லை. டொரத்தி இரண்டு முறை பேசப் பார்த்தாள். கஸ்தூரி துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த மார்ச் மாதம் மழை பிடித்தது. வியாழக்கிழமை மாலை தொடங்கியது, வெள்ளி முழுக்க விடவில்லை. செம்பனைத் தோட்டத்து ஓடைகள் பொங்கி, டவுனுக்குப் போகும் சாலையில் இடுப்பளவு நின்றது. தாமான் மேட்டில் இருந்ததால் வீடுகளுக்குள் தண்ணீர் வரவில்லை. வாசல் படிக்கட்டு வரை வந்து நின்றுகொண்டது. சனிக்கிழமை காலை டயலிசிஸ் நிலையத்து வேன் வரவில்லை. அங்குள்ள நர்ஸ் மிஸ்ஸி போன் பண்ணி, “அங்கிள், இங்கயே தண்ணி ஏறுது. மிஷின் எல்லாம் தூக்கி வைக்கிறோம். தண்ணி குடிக்காதீங்க, பழம் சாப்பிடாதீங்க” என்றாள்.

சனி மத்தியானம் கரண்டும் போனது.

தொட்டியில் மோட்டார் நின்றதும் வீடே அமைதியாகிவிட்டது. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பை மைக்கல் மாட்டினார். அது சாயங்காலத்துக்குள் ஓய்ந்துபோனது. அப்புறம் டொரத்தி ஒரு கோப்பையால் மொண்டு மொண்டு ஊற்றினாள். நின்ற தண்ணீரில் மீனுக்கு மூச்சு கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். நிலைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த புருஷனுக்கும் மூச்சு சரியாக இல்லை என்பதும் தெரிந்தது.

ஞாயிறு காலை அவரால் படுக்க முடியவில்லை. கால்கள் வீங்கிவிட்டன. ஒரு வாக்கியம் பேச மூன்று முறை மூச்சு வாங்கினார். டொரத்தி போம்பாவுக்குப் போன் அடித்தாள். தீயணைப்புக்காரர்கள் ஆரஞ்சு நிறப் படகோடு தாமான் முனைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு மலாய் இளைஞர்கள் மைக்கலை நாற்காலியோடு தூக்கினார்கள்.

“தண்ணிய... கலக்கி விடு... டொரத்தி. நீ இங்கயே... இரு” என்றார் மைக்கல்.

“ஒங்களுக்குப் பைத்தியமா? மீனா முக்கியம் இப்ப?” அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பையில் மருந்துச் சீட்டையும் ஒரு சட்டையையும் திணித்துக்கொண்டு கதவைப் பூட்டினாள். திரும்பினால் கேட்டுக்கு வெளியே முழங்கால் தண்ணீரில் குடையோடு கஸ்தூரி நின்றுகொண்டிருந்தாள்.

இருவரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள்.

“சாவியக் குடு” என்றாள் கஸ்தூரி.

“அக்கா...”

“நீ கத்துனது எங்க வீட்டு வரைக்கும் கேட்டுச்சி. என்ன செய்யணும் அதுக்கு? சீக்கிரம் சொல்லு, போட்டு நிக்கிது.”

“தண்ணி நிக்கக் கூடாதுக்கா. மேல இருந்து ஊத்திக்கிட்டே இருக்கணும். காத்து உள்ள போகணும்.”

“ஆத்தணும், அவ்வளவுதானே? இருவது வருசமா அதத்தான் செய்யிறேன். நீ போ. தம்பியப் பாரு.”

குளுவாங் ஆஸ்பத்திரியில் மைக்கலின் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நேராக மிஷினில் போட்டார்கள். டொரத்தி வெளியே பெஞ்சில் ஈரப் பாவாடையோடு உட்கார்ந்து செபமாலை உருட்டினாள். பாதியில் எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து தொடங்கினாள். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா ஒருத்தி, கேட்காமலேயே தன் சாரோங் துணியை எடுத்துக் கொடுத்து, பிளாஸ்கிலிருந்து சூடாக மைலோ ஊற்றித் தந்தாள். மகளைப் பார்க்க வந்தவளாம். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் என்ன நடக்கிறதென்று தெரிந்துகொள்ள வழியில்லை. இரண்டு வருஷம் பேசாதிருந்ததில் கஸ்தூரியின் நம்பரே டொரத்தியிடம் இல்லாமல் போயிருந்தது.

திங்கட்கிழமை காலை வார்டில் மைக்கல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் வீக்கம் வடிந்து கன்னக் குழி தெரிந்தது. டொரத்தி உப்பில்லாக் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊதினாள்.

“மூணு லிட்டர் எடுத்தாங்களாம்” என்றார்.

“ம்.”

“கஸ்தூரியக்காவா சாவி வாங்குனாங்க?”

“ஆமா.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “ஒன்னு சொல்லணும் டொரத்தி. கோவிக்காத.”

“சொல்லுங்க.”

“போன மாசம் இதெல்லாம் நிறுத்திடலாம்னு நெனச்சேன்.”

“எத?”

“டயலிசிஸ. மிஸ்ஸிகிட்டகூட கேட்டேன், நிறுத்துனா எத்தன நாளாகும்னு. அவங்க திட்டிட்டாங்க.”

டொரத்தியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“சொன்னா நீ அழுவ. நீ காலைல அஞ்சு மணிக்கு எழுந்து போற. வந்து என் காலத் தேச்சு விடுற. எலைன் சம்பாதிக்கிறது எனக்கே போவுது. இன்னும் எத்தன வருசம்? ஒங்களுக்குப் பாரமா கெடக்குறமேன்னு...”

“பாரம்னு நான் சொன்னனா? என்னைக்காச்சும் சொன்னனா?”

“நீ சொல்லல.” அவர் மூச்சை இழுத்து விட்டார். அது தடையில்லாமல் போய் வந்தது. “நேத்து போட்டுல மூச்சு அடைச்சிச்சில்ல. அப்ப சரி, போகட்டும்னு தோணும்னு நெனச்சேன். தோணல டொரத்தி. எனக்குப் போகப் பிடிக்கல. அந்த போம்பா பையனோட கைய விடவே இல்ல நான். அவன் பாவம், கையில நகம் பதிஞ்சிருக்கும்.”

டொரத்தி கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அவர் ஊசி குத்தாத கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் திரையை மெதுவாக இழுத்து மூடினார்.

“கஞ்சி ஆறுது, குடு” என்றார் மைக்கல். “பசிக்கிது.”

செவ்வாய்க்கிழமை இன்னொரு முறை மிஷினில் போட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள். தண்ணீர் வடிந்து சாலை திறந்திருந்தது. அழைத்துப்போக அய்யாவு லோரியோடு வந்திருந்தார். மூவரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஐஸ் வாடையும் மீன் வாடையும் குப்பென்று அடித்தது.

“யாரு சொல்லி வந்தீங்க?” என்றாள் டொரத்தி.

“ஒங்க பக்கத்து வீட்டு அக்காதான். அலமாக், பதினேழு தடவ போன் பண்ணிச்சி! ஒங்க வீட்டுல எறக்கி வெச்ச டிரம்முல என் நம்பர் பெயிண்ட்ல எழுதியிருக்கில்ல, அதப் பாத்து அடிச்சிருக்கு. நான் ரோடு மூடி ஜெமாலுவாங்ல மாட்டிக்கிட்டேன். ‘தம்பி, மீனு மேல வந்து வாயப் பொளக்குது, என்ன செய்யட்டும்’னு கேக்குது. ‘வேகமா ஆத்துங்கக்கா’ன்னேன். ‘கையி ரெண்டும் கழண்டு போச்சி, இருந்தாலும் ஆத்துறேன்’னுது.”

மைக்கல் அய்யாவு பக்கம் தலையைத் திருப்பினார்.

“நேத்து சாயங்காலம் கரண்டு வந்திச்சி. ஒடனே சுவிச்சப் போடப் போயிருக்கு. நல்ல வேள, கேட்டுட்டுப் போடுவோம்னு எனக்கு அடிச்சிச்சி. பில்ட்டர்ல நின்ன தண்ணி கெட்டுப் போயிருக்கும், அப்படியே உள்ள விட்டா மொத்தமும் காலின்னு சொன்னேன். பூராத்தையும் எறச்சு வாளியில தூக்கிட்டுப் போயி மெயின் ரோட்டு லோங்காங் சாக்கடையில ஊத்தியிருக்கு. பதினோரு வாளி! வேலியோரம் ஊத்த வேண்டியதுதானேன்னு கேட்டேன். அதுக்குத் திட்டுது பாரு என்னைய!”

மைக்கல் தலையைக் குனிந்துகொண்டார். டொரத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கஸ்தூரி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டில் தைலம் பூசித் துணி சுற்றியிருந்தாள். தொட்டி ஓரத்தில் தே தாரிக் ஆற்றுகிற பெரிய எவர்சில்வர் குவளை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கன் பாறையோரம், நிறம் கொஞ்சம் வெளிறி, ஆனால் நேராக நின்றுகொண்டிருந்தது.

மைக்கல் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் தொட்டிமுன் நின்றார்.

“தம்பி, மொதல்ல ஒன்னு சொல்லிடுறேன்” என்று கஸ்தூரி எழுந்தாள். “ஒரு நீலக் குட்டி செத்திடிச்சி. ஞாயித்துக்கெழம மத்தியானம். மறைக்கக் கூடாதுன்னு எடுத்து வெச்சிருக்கேன்.” ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைத் திறந்து காட்டினாள். வாழையிலைத் துண்டில் விரல் நீளத்துக்கு ஒரு நீல மீன், மேலே ஐஸ் தூள். “நான் சாப்பிட்டுட்டு வர அஞ்சு நிமிசம் வீட்டுக்குப் போனேன். அப்பத்தான் போயிடிச்சி. அதுக்கப்புறம் சாப்பாட்ட இங்கயே எடுத்தாந்துட்டேன்.”

மைக்கல் அந்த டப்பாவைப் பார்த்தார், அவள் மணிக்கட்டைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

“ஐயே, கைய எறக்குங்க” என்றாள் கஸ்தூரி. “ஊசி குத்துன கையி.”

ஆனால் மூக்கன் சாப்பிடவில்லை. சனிக்கிழமையிலிருந்தே ஒன்றும் தின்றிருக்கவில்லை. புதன்கிழமை அய்யாவு புதுத் தண்ணீரும் உயிர் கெராங்கும் கொண்டுவந்தார். மைக்கல் நூல் கட்டித் தொங்கவிட்டார். மீன் வந்து பார்த்தது, திரும்பிப் போனது. வியாழனும் அப்படியே. வயிறு ஒட்டிப்போய், பக்கவாட்டில் பார்த்தால் காகிதம் போலத் தெரிந்தது. கஸ்தூரி தோசைக்கடையைக் கட்டிவிட்டு நேராக இங்கேதான் வந்தாள்.

“நான் ஆத்துன ஆத்துல பயந்திருச்சோ? ஏதாச்சும் தப்பா செஞ்சிட்டேனா தம்பி?”

“இல்லக்கா. அதுக்குன்னு ஒரு நேரம் வரணும். மொத தடவ இருவத்திரெண்டு நாளு. நாம தொறந்து வெச்சிக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்.”

சனிக்கிழமை காலை வேன் வந்தபோது மைக்கல் சட்டை மாட்டித் தயாராக இருந்தார். போகும்போது கெராங்கைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனார். பள்ளி விடுமுறை என்பதால் டொரத்தி வீட்டில் இருந்தாள். பத்து மணிக்குக் கஸ்தூரி வந்தாள். டொரத்தி இரண்டு கோப்பை காப்பி கலக்கி, அவள் மணிக்கட்டுக்குப் புதுத் துணி சுற்றிவிட்டாள்.

“எப்படிக்கா ரெண்டு நாளு தாங்குனீங்க? நாங்க ஒங்களுக்குச் செஞ்சதுக்கு...”

“மரத்தச் சொல்றியா? அதுக்குக் கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்.” கஸ்தூரி காப்பியை ஒரு மிடறு குடித்தாள். “எங்க வீட்டுக்காரரு போனது தெரியும்ல ஒனக்கு. கொரோனா காலம். வார்டுக்குள்ள விடல. போன்ல வீடியோ போட்டுக் காட்டுனாங்க. வாயில குழாய வெச்சி, நெஞ்சு மட்டும் ஏறி எறங்குது. நான் வீட்ல சேர்ல உக்காந்து பாக்குறேன். என் கையி ரெண்டும் சும்மா மடியில கெடக்குது. ஒரு துளி தண்ணி குடுக்க முடியல, நெஞ்சத் தேச்சு விட முடியல. அதத்தான் இத்தன வருசமா நெனச்சு நெனச்சு...”

டொரத்தி அவள் கையை விடவில்லை.

“ஞாயித்துக்கெழம இது மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுச்சி. நான் ஆத்த ஆத்த, கொஞ்ச நேரத்துல கீழ போயிடும். நிறுத்துனா மேல வரும். என் கையால ஒரு உசுரு மூச்சு விடுது புள்ள. அந்தக் கண்ணால என்னையே பாத்துக்கிட்டு. எனக்குக் கையி வலிச்சிச்சி, ஆனா ரொம்ப நாளைக்கப்புறம் மனசு வலிக்கல. நீ எனக்குத் தேங்ஸ் சொல்லாத. அன்னிக்கி நீ சாவியக் குடுத்தியே, அதுக்கு நான்தான் சொல்லணும்.”

டொரத்தி முகத்தைத் திருப்பினாள். திரும்பிய இடத்தில் தொட்டி. நூலில் தொங்கிய சிப்பி ஆடிக்கொண்டிருந்தது. மூக்கன் தலைகீழாகச் சாய்ந்து, மூக்கை உள்ளே விட்டு, வெடுக்கென்று இழுத்தது. ஆரஞ்சுத் துணுக்கு ஒன்று வாயோரம் தெரிந்து மறைந்தது.

“அக்கா... அக்கா, திரும்பாதீங்க வேகமா. மெதுவா பாருங்க.”

கஸ்தூரி பார்த்தாள். மூக்கன் மறுபடியும் கொத்தியது. கஸ்தூரி துணி சுற்றிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டொரத்தி டயலிசிஸ் நிலையத்துக்குப் போன் அடித்தாள். மைக்கலின் ஒரு கையில் இரண்டு ஊசி, இன்னொரு கையில் ரத்த அழுத்தப் பட்டை. மிஸ்ஸிதான் போனை அவர் காதில் வைத்துப் பிடித்தாள். “சாப்டுச்சா? சாப்டுச்சா?” என்று அவர் போட்ட சத்தத்தில், எட்டு மிஷின்களிலும் படுத்திருந்தவர்கள் யாருக்கு என்னவென்று தலையைத் தூக்கிப் பார்த்தார்களாம். விஷயம் தெரிந்ததும் ஒரு மலாய்ப் பெரியவர், “அல்ஹம்துலில்லா” என்று கையை முகத்தில் தடவிக்கொண்டாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்ன ஆலயத்தில் தமிழ்ப் பூசை. நன்றி மன்றாட்டுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும் தாளில் டொரத்தி எழுதிக்கொண்டிருந்தபோது, வாங்கி வைக்கும் அட்ரியன் எட்டிப் பார்த்தார்.

“கஸ்தூரியா? யாரு, ஒங்க சொந்தமா?”

டொரத்தி கொஞ்சம் யோசித்தாள். “ஆமா” என்றாள்.

கஸ்தூரி அன்று வந்திருந்தாள். நல்ல சேலை கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, மைக்கலுக்கும் டொரத்திக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுவது, எப்போது முட்டி போடுவது என்று தெரியாமல் டொரத்தியைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். மன்றாட்டு நேரத்தில் ஃபாதர் தாளைப் பிரித்து வாசித்தார். “மைக்கல் குடும்பத்தார், கஸ்தூரி அவர்களுக்காக இறைவனுக்கு நன்றி சொல்லுகிறார்கள்.”

கஸ்தூரி டொரத்தியின் விலாவில் முழங்கையால் இடித்தாள். “என் பேரையா சொன்னாரு?”

“ஆமாக்கா.”

“ஒங்க சாமிக்கு என்னைய எங்க தெரியும்?”

“அதான் சொல்லி வெச்சோம்” என்றார் மைக்கல், இந்தப் பக்கத்திலிருந்து.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கஸ்தூரியும் எழுந்தாள். மைக்கல் எழக் கையூன்றியபோது, அவள் நல்ல கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.